செங்கோட்டை மலைப்பாதை ரயில் சிமுலேட்டர்: எந்த லைப்ரரியை எதற்கு எடுத்தேன்

பழைய மீட்டர்கேஜ் செங்கோட்டை–புனலூர் பாதையை ஓட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு ரயில் சிமுலேட்டர் செய்துகொண்டிருக்கிறேன். 1904-ல் திறந்த பாதை அது. 2010-ல் அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள், 2018-ல் மறுபடி முழுசாகத் திறந்தபோது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் போய் 1676 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் வந்துவிட்டது. புளியரை, பகவதிபுரம் பக்கம் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பழைய வண்டியைப் பார்த்ததே இல்லை. மலை ஏறும்போது அது எப்படி மூச்சுப் பிடித்து ஏறும், வளைவில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பின்னால் தள்ளுகிற லோகோ, அதாவது ரயில் எஞ்சின், எப்படித் தெரியும் என்பதெல்லாம் எங்காவது ஒரு இடத்தில் இருக்கவேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

வேலையைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "எதுல பண்றீங்க, யூனிட்டியா கோடாட்டா?" என்பதுதான். இரண்டும் கேம் எஞ்சின்கள், அதாவது விளையாட்டைக் கட்ட உதவும் மென்பொருள்கள். அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததால் இந்தப் பதிவு. லைப்ரரி என்றால் நம் நிரலில் சேர்த்துக்கொள்ள யாரோ முன்பே எழுதி வைத்த குறிமுறைத் தொகுப்பு. கேம் எஞ்சின், பிசிக்ஸ், எழுத்து, ஒலி, நில அளவுத் தரவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவு எடுக்கவேண்டி வந்தது, காரணங்களும் வேறு வேறு.

நான் கடைப்பிடித்த முறை இதுதான். செய்யப்போவதிலேயே கஷ்டமான ஒரு காட்சியை முதலில் எழுதி வைத்துக்கொண்டேன்: ஆடிச் சாரல், தண்டவாளம் நனைந்து கிடக்கிறது, எட்டுப் பெட்டி வண்டி, முன்னால் ஒரு ஒய்டிஎம்-4 டீசல் லோகோ, பின்னால் தள்ள இன்னொன்று. தென்மலையிலிருந்து கிளம்பி, கழுதுருட்டிப் பக்கத்துப் பதிமூணு கண் பாலத்தைத் தாண்டி, எடப்பாளையம், ஆரியங்காவு வழியாக ஏறி, குகைக்குள் நுழைந்து தமிழ்நாட்டுப் பக்கம் பகவதிபுரத்தில் வெளியே வரவேண்டும். எந்த லைப்ரரி வந்தாலும் இந்தக் காட்சியில் அதன் பங்கைச் செய்து காட்டவேண்டும். அதனுடைய டெமோ எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குக் கணக்கில்லை. சுழலும் கனசதுரம், விழுகிற பெட்டிகள், ஓடுகிற குட்டி மனிதன் இதையெல்லாம் எல்லா லைப்ரரியும் நன்றாகவே செய்யும்.

முதலில் பிசிக்ஸ், அதாவது பொருள்கள் எப்படி நகரும், மோதும் என்ற கணக்கு, ஏனென்றால் சிமுலேட்டரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கையில் இருந்த பெயர்கள் புல்லட், ஜோல்ட். பாக்ஸ் 2டி அருமையான லைப்ரரிதான், ஆனால் பெயரிலேயே இருக்கிற மாதிரி இரு பரிமாணத்துக்கானது. புல்லட் பல வருஷமாகப் புழங்குவது, எர்வின் கூமன்ஸ் எழுதியது, இசட்லிப் உரிமம். ஜோல்ட் யோரிட் ரௌவே எழுதியது, எம்ஐடி உரிமம், 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' விளையாட்டில் ஓடுவது. இரண்டு உரிமமும் அதிகக் கட்டுப்பாடு இல்லாமல் யாரையும் உபயோகிக்க விடுபவை. கோடாட் 4.4-லிருந்து கோடாட்டுக்குள்ளேயே ஒரு தேர்வாகவும் வருகிறது. இரண்டிலும் பத்து வாகனங்களை வரிசையாக இணைத்து, முன்னால் இழுவிசை கொடுத்துப் பார்த்தேன்.

ஓடியது. ஆனால் இணைப்புகள் ரப்பர் மாதிரி நீண்டன. இது அந்த லைப்ரரிகளின் குறை என்று சொல்லமாட்டேன், அவை வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு சங்கிலியில் பத்துக் கண்ணி இருந்தால் ஒவ்வொரு கண்ணியாகத் திருத்திக்கொண்டே போய், அதையே சில சுற்று திரும்பச் செய்யும்; ஜோல்ட்டில் வேகத்துக்கு 10 சுற்று, இடத்துக்கு 2 சுற்று என்பது தொடக்க அளவு. முன் லோகோவில் கொடுத்த இழுப்பு கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் சுற்று முடிந்துவிடும், பாக்கிப் பிழை இணைப்பு நீளமாக வெளியே தெரியும். கண்ணிகள் கூடக்கூட, கனமான ஒன்றும் லேசான ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வர வர, இது மோசமாகும். சுற்றைக் கூட்டினால் சரியாகும், ஆனால் அப்போது என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்: விழுகிற, உருளுகிற, மோதுகிற, ஆறு வழியில் அசையக்கூடிய பொருளுக்காக எழுதிய ஒரு பெரிய இயந்திரத்தை, முன்னும் பின்னும் தவிர வேறெங்கும் போகமுடியாத ஒரு வண்டிக்காகக் கஷ்டப்படுத்துகிறோம்.

ரயிலுக்குத் தேவை ஒரே ஒரு அளவுதான், பாதையில் எத்தனையாவது மீட்டரில் நிற்கிறது என்பது. அதோடு வேகம். பத்து வாகனத்துக்கு மொத்தம் இருபது எண். அதனால் இந்தப் பகுதிக்கு எந்த லைப்ரரியும் வேண்டாம் என்று முடிவு செய்து, சி++-ல் நானே எழுதினேன்.

அந்த இருபது எண்ணை நகர்த்துகிற கணக்கு எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், லைப்ரரி வேண்டுமா வேண்டாமா என்பது இங்கேதான் தெரியவரும். ஒய்டிஎம்-4 எடை 72 டன், 1400 குதிரைத்திறன், ஆறு அச்சும் இழுக்கும். பெட்டி ஒன்று 30 டன் என்று வைத்துக்கொண்டேன். எட்டுப் பெட்டியும் ஒரு லோகோவும் சேர்ந்து 312 டன். நாற்பதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தைச் சோதனைக்கு எடுத்தால், புவியீர்ப்பு மட்டும் பின்னால் இழுப்பது 76.5 கிலோநியூட்டன். உருளும் தடையும் வளைவுத் தடையும் டன்னுக்கு 25 நியூட்டன் என்று சேர்த்தால் மொத்தம் 84 வந்துவிடும். காய்ந்த தண்டவாளத்தில் பிடிமானக் கெழு 0.25 என்றால் லோகோவால் 176 கிலோநியூட்டன் வரை சறுக்காமல் இழுக்கமுடியும், தாராளம். அதே தண்டவாளம் சாரலில் நனைந்து, மேலே தழையும் விழுந்து, கெழு 0.1-க்கு இறங்கினால் 70 மட்டும்தான். 84 வேண்டும், 70 இருக்கிறது, சக்கரம் அங்கேயே சுற்றும். பின்னால் இன்னொரு லோகோவைச் சேர்த்தால் மொத்த எடை 384 டன் ஆகி, தேவை 104 ஆக உயர்ந்தாலும் பிடிமானம் 141 ஆகிவிடும், வண்டி ஏறிவிடும். பின்னால் ஏன் தள்ளினார்கள் என்ற கேள்விக்கு இந்த நாலு எண்ணே பதில் சொல்கிறது. இதைத் திரையில் பார்க்கும் முன்னாடி கருப்பு டெர்மினலில் எண்களாகப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

எங்கள் தெருவில் ரயில்வேயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சித்தப்பா இருக்கிறார். முதல் வடிவத்தை அவரிடம் காட்டினேன், அதில் வண்டி முழுவதும் ஒரே கட்டையாக நகர்ந்தது. பார்த்துவிட்டு, "வண்டி மொத்தமா எந்திரிக்காதுடே. ஒவ்வொரு பெட்டியா எந்திரிக்கும். ஏத்தத்துல நிறுத்தி எடுக்கும்போது அந்த இழுப்பு பின்னாடி வரைக்கும் போறது கைக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இணைப்புகளை ஸ்பிரிங்காக, நடுவில் சில சென்டிமீட்டர் தளர்வோடு எழுதினேன். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் கணக்கு வெடித்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் முன் பெட்டி, பின் பெட்டி இரண்டோடு மட்டும் பேசுவதால், அடுத்த நொடித்துண்டின் வேகங்களையே தெரியாத எண்களாக வைத்துச் சமன்பாடு எழுதினால் மூன்று மூலைவிட்டம் மட்டும் நிரம்பிய அணி ஒன்று கிடைக்கும், அதைத் தீர்க்க இருபது வரி போதும். ஈஜென் மாதிரி பெரிய கணித லைப்ரரியைச் சேர்க்கலாமா என்று பார்த்தேன். நல்ல லைப்ரரி, ஆனால் இருபது வரிக்காக அதைச் சேர்த்தால் கம்பைல் நேரம், அதாவது குறிமுறையை ஓடுகிற நிரலாக மாற்றும் நேரம், கூடுவதுதான் மிச்சம்.

கணக்கு நொடிக்கு 120 தடவை, திரை எவ்வளவு வேகத்தில் ஓடினாலும் அதே 120. திரை வரையும்போது இரண்டு நிலைக்கு நடுவில் இடைச்செருகிக் காட்டுகிறேன். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. திரை வேகத்தோடு கணக்கைக் கட்டினால் நல்ல கம்ப்யூட்டரில் ஏறுகிற வண்டி, பழைய லேப்டாப்பில் ஏறாது. இந்த மையப்பகுதிக்குக் கோடாட் என்றால் என்னவென்றே தெரியாது, திரை இல்லாமலேயே ஓடும். அதனால் ஒரு மணி நேரப் பயணத்தைச் சில நொடியில் ஓட்டி, எந்த இணைப்பில் எவ்வளவு இழுவிசை வந்தது என்று எழுதி வைத்துவிடலாம்.

சரி, ஜோல்ட்டை ஒதுக்கிவிட்டேனா என்றால் இல்லை. பிளாட்பாரத்தில் நடப்பது, படியில் ஏறுவது, பாதையில் விழுந்து கிடக்கிற மரத்தில் வண்டி இடிப்பது, இதெல்லாம் அதற்கான வேலை. அங்கே அதுதான் இருக்கிறது.

அடுத்தது எல்லாருக்கும் தெரியாமல் காலை வாருகிற ஒரு விஷயம், பாதையின் நீளம். செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கோடாட்டும் மற்ற பல கேம் எஞ்சின்களும் இடத்தை 32 பிட் எண்ணில் வைக்கின்றன. தொடக்கப் புள்ளியிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த எண்ணின் மிகச் சிறிய படி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கேமராவைக் கேபினுக்குள் வைத்தீர்களானால் மீட்டர் முள், கைப்பிடி, கண்ணாடிச் சட்டம் எல்லாம் குளிர் ஜுரம் வந்த மாதிரி நடுங்கும். கோடாட்டை 64 பிட் அளவில் நாமே கம்பைல் செய்துகொள்ள வழி இருக்கிறது, ஆனால் வெளியிடுகிற ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் அதேபோல் நாமே கட்டித் தரவேண்டும். நான் எடுத்த வழி வேறு: பாதையில் இருக்கிற இடத்தை மையப்பகுதி 64 பிட்டில் வைத்துக்கொள்ளும், வரையும் நேரத்தில் கேமராவின் இடத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கோடாட்டுக்குக் கொடுக்கும். கேமரா எப்போதும் பூஜ்ஜியத்தில், உலகம்தான் நகர்கிறது. பிசிக்ஸை வெளியே எழுதியிருந்ததால் இதைச் செய்வது சுலபமாக இருந்தது.

இப்போது திரை. எனக்கு மிகவும் பிடித்தது ரேலிப். ரமோன் சான்டமரியா 2013-ல் தொடங்கிய சி லைப்ரரி. சில வரியில் ஜன்னல் திறந்து ஒரு மாடலைக் காட்டிவிடலாம், எழுதும்போதே மனசு லேசாகும். எஸ்டிஎல் இன்னும் அடிமட்டம், ஜன்னல், விசைப்பலகை, ஜாய்ஸ்டிக் இதையெல்லாம் கல் மாதிரி உறுதியாகப் பார்த்துக்கொள்ளும், 1998-லிருந்து இருக்கிறது, ஆனால் மலையையும் காட்டையும் வரைவது நம் பாடு.

ரேலிப்பில்தான் செய்யப்போகிறேன் என்று ஏறக்குறைய முடிவே பண்ணியிருந்தேன், ஸ்டேஷன் போர்டு வரும் வரை. 'செங்கோட்டை' என்று ஒரு போர்டு எழுதிப் பாருங்கள், எந்த லைப்ரரிக்குத் தமிழ் தெரியும் என்று உடனே தெரிந்துவிடும். அந்த ஒரே பெயரில் எல்லாச் சோதனையும் இருக்கிறது: 'செ'-யில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரவேண்டும், 'கோ'-வில் முன்னாலும் பின்னாலும் வரவேண்டும், 'டை'-யில் மறுபடி முன்னால், நடுவில் புள்ளி வைத்த மெய் இரண்டு. கணினிக்குள் இவை சேமிக்கப்படுவது உச்சரிப்பு வரிசையில், அதாவது 'ச'-வுக்கு அப்புறம்தான் கொம்பு. அதை இடம் மாற்றி அடுக்கி வரைவது எழுத்து வடிவமைக்கும் லைப்ரரியின் வேலை, ஹார்ஃப்பஸ் அதற்குத்தான் இருக்கிறது. ரேலிப் ஒவ்வொரு குறியீட்டையும் வந்த வரிசையிலேயே வரைந்துகொண்டு போகும், ஆகவே கொம்பு 'ச'-வுக்குப் பின்னால் போய் நிற்கும். மலையாளத்தில் கூட்டெழுத்து இருப்பதால் இன்னும் சிக்கல். எங்கள் பாதையில் எல்லை தாண்டினால் போர்டில் மலையாளம் வரும், இரண்டு மொழியும் சரியாக வராத ஒரு செங்கோட்டை–புனலூர் விளையாட்டை நான் வெளியிடமாட்டேன்.

கோடாட் 4 ஹார்ஃப்பஸை உள்ளேயே வைத்திருக்கிறது. போர்டைச் செய்தேன், தமிழும் மலையாளமும் கேட்காமலேயே சரியாக வந்தன. படம் எப்படி, ஒளி எப்படி, காடு எப்படி என்று கேட்கிறவர்களுக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம், நான் கோடாட்டுக்குப் போனதற்கு முதல் காரணம் 'செங்கோட்டை'. இரண்டாவது காரணம், இங்கே தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் கையில் இருப்பது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப். கோடாட்டில் படத்தை வரைகிற பகுதிகளில் ஒன்றான கம்பாட்டிபிலிட்டி ரெண்டரர், ஓபன்ஜிஎல் 3.3 என்ற பழைய கிராபிக்ஸ் முறையிலேயே ஓடும், அவர்களால் விளையாடமுடியும்.

ரேலிப் வீணாகவில்லை. பாதையின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகவும், ஒவ்வொரு இணைப்பின் இழுவிசையை நிறமாகவும் காட்டுகிற ஒரு சின்னப் பார்வைக் கருவி எனக்கு வேண்டியிருந்தது, எண்களும் கோடுகளும் மட்டும்தான். அது ரேலிப்பில் இருக்கிறது, தினமும் உபயோகிக்கிறேன்.

நிலத் தரவு தனிக் கதை. பாதையின் வரைகோடு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கிடைக்கும், அதன் உரிமப்படி பெயர் குறிப்பிடவேண்டும். உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம், 2000-ல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்தது, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ராஸ்டீரியோ என்ற பைத்தான் லைப்ரரி வைத்துப் படித்து, பைப்ராஜ் என்ற இன்னொன்றை வைத்து, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கிற யுடிஎம் முறையின் 43-வது வடக்கு மண்டலத்துக்கு மாற்றினால் எல்லாம் மீட்டரில் வந்துவிடும். அப்படியே எடுத்து வண்டியை விட்டால் ஓடாது, ஏனென்றால் ரேடார் பார்த்தது காட்டின் உச்சியை. தண்டவாளம் மரத்துக்கு மரம் ஏறி இறங்கும். குகை இருக்கிற இடத்தில் மலையின் முதுகையே உயரமாகக் கொடுக்கும். எந்த லைப்ரரியும் இதைத் தானாகச் சரிசெய்யாது, பாதை தெரிந்தவர்தான் செய்யவேண்டும். நம் ஸ்டேஷன் போர்டுகளின் அடியில் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருப்பார்கள் அல்லவா, பழைய போட்டோக்களில் அதைத் தேடிப் பிடித்து, அந்த உயரங்களை ஆணி அடித்த மாதிரி நிறுத்தி, நடுவில் உள்ளதை சைபை என்ற கணித லைப்ரரியின் ஸ்ப்லைன் (புள்ளிகளை இணைக்கிற வழவழப்பான வளைகோடு) வைத்து மென்மையாக்கினேன். குகைக்கு இரண்டு வாசலின் உயரம் மட்டும், நடுவில் நேர்கோடு.

இந்தப் பைத்தான் லைப்ரரிகள் எதுவும் விளையாட்டோடு போகாது. என் கம்ப்யூட்டரில் ஓடி ஒரு கோப்பை எழுதிவிட்டு முடிந்துவிடும். அதனால் இங்கே எவ்வளவு கனமான லைப்ரரியாக இருந்தாலும் பரவாயில்லை, நில வரைபடத் தரவுகளைப் படிக்கிற ஜிடால் மாதிரி நிறுவவே பாடுபடுத்துகிறதும் சரி. விளையாடுகிறவர் கைக்குப் போகிற லைப்ரரிக்கு ஒரு தராசு, என் மேஜையோடு நிற்கிறதுக்கு வேறு தராசு.

ஒலிக்குக் கோடாட்டிலேயே இருப்பது போதும் என்று விட்டுவிட்டேன். குகைக்குள் போனால் எதிரொலி கூடுவதை இடம் சார்ந்து அதில் வைக்கமுடிகிறது. ஒரே ஒரு சேர்க்கை: ஒலி பதிவு செய்து தருகிற தம்பி கேட்டான், "அண்ணே, பின்னாடி லோகோ ஹாரன் அடிச்சா முன்னாடி உக்காந்திருக்கவனுக்குக் கொஞ்சம் லேட்டாத்தானே கேக்கும்?" உண்மைதான். பெட்டி ஒன்று ஏறக்குறைய 20 மீட்டர், எட்டுப் பெட்டிக்கு 160 மீட்டர், ஒலி வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட அரை நொடி. முன் லோகோவும் பின் லோகோவும் ஹாரனில்தான் பேசிக்கொள்ளும் என்பதால் அந்த அரை நொடி முக்கியம். கோடாட் அதைத் தானாகச் செய்யாது, தூரத்தைப் பார்த்து ஒலியைத் தள்ளிப்போடும் சில வரியை நாங்களே எழுதினோம். ரேலிப்போடு நின்றிருந்தால் மினிஆடியோ என்ற ஒலி லைப்ரரி வந்திருக்கும், ரேலிப் உள்ளுக்குள் அதைத்தான் வைத்திருக்கிறது.

உரிமம் பற்றி. ஓபன்ரெயில்ஸ் என்ற திறமூல ரயில் சிமுலேட்டரின் குறிமுறையைப் படித்து நிறையத் தெரிந்துகொண்டேன், ஆனால் அது ஜிபிஎல். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டி வெளியிட்டால் என் முழு வேலையும் ஜிபிஎல் ஆகவேண்டும். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்றாலும் பின்னால் ஒலி கொடுத்தவர், மாடல் கொடுத்தவர் என்று எல்லாரிடமும் பேசவேண்டி வரும், ஆகவே கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குறிமுறையைத் தனியாக எழுதினேன். கோடாட், ஜோல்ட் இரண்டும் எம்ஐடி, ரேலிப் இசட்லிப், தலைவலி இல்லை. ஓபன்ரெயில்ஸே இன்னொரு பாடமும் தருகிறது: எக்ஸ்என்ஏ என்ற மைக்ரோசாஃப்ட் கேம் லைப்ரரியின் மேல் கட்டப்பட்டது, மைக்ரோசாஃப்ட் அதை 2013-ல் கைவிட்டது, அதே வடிவில் மோனோகேம் என்ற திறமூல லைப்ரரி இருந்ததால் அங்கே மாறிக்கொண்டார்கள். யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, அடுத்த வருஷம் செப்டம்பரில் திரும்பப் பெற்றது. ஓய்வு நேரத்தில் வருஷக்கணக்கில் செய்கிற வேலைக்கு, எடுக்கிற லைப்ரரியை யார் கைவிட்டாலும் மூலக் குறிமுறை என் கையில் இருக்கவேண்டும். இன்னொன்று, மழை பிடித்தால் எங்கள் பக்கம் நெட் நிலைக்காது, எனவே எல்லா லைப்ரரியின் மூலத்தையும் திட்டத்துக்குள்ளேயே பிரதி எடுத்து வைத்து, நெட்டைப் பிடுங்கிவிட்டு முழுசாகக் கம்பைல் ஆகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் சேர்க்கிறேன்.

இப்போது நிலைமை: ஏற்றம் ஓடுகிறது, சாரலில் சறுக்குகிறது, பின் லோகோ தள்ளுகிறது, போர்டுகள் வந்துவிட்டன. பாக்கி இருப்பது இறக்கம், அதாவது பிரேக். மீட்டர்கேஜ் வண்டியில் வெற்றிட பிரேக், குழாயில் 53 சென்டிமீட்டர் பாதரச அளவு வெற்றிடம் பிடித்து வைத்திருப்பார்கள். டிரைவர் காற்றை உள்ளே விட்டால் முன்பெட்டியில் முதலில் பிடித்து, கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடிக்கும், அதற்குள் பின்பெட்டிகள் முன்னதை வந்து இடிக்கும். இதற்குப் பாய்ம லைப்ரரி ஏதாவது தேவையா என்று பார்த்தேன், வேண்டாம் போலிருக்கிறது: ஒவ்வொரு பெட்டியின் குழாயையும் ஒரு கலனாக வைத்து, பக்கத்துக் கலனோடு அழுத்த வித்தியாசத்துக்கு ஏற்பக் காற்று ஓடுவதாக எழுதினால், வருவது மறுபடியும் அதே மூன்று மூலைவிட்ட அணிதான். இணைப்புக்கு எழுதிய அந்த இருபது வரியை அப்படியே இதற்கும் போட்டுப் பார்க்கிறேன். ஆரியங்காவிலிருந்து தென்மலைக்கு இறங்கும்போது சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.